ஆலைக் கூலியும் அங்காடிக் கணக்கும்

பஞ்சாலைகளின் வரலாறு என்றால், நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார், நீராவி இயந்திரம் எந்த ஆண்டு வந்தது என்ற அளவோடு பள்ளிப் புத்தகங்கள் நின்றுவிடும். வணிகர்களாகிய நமக்கு அது போதாது. ஆலையில் ஒருவன் வாரம் முழுக்க உழைத்துக் கூலி வாங்குகிறான். அந்தக் கூலி எந்த உருவத்தில் அவன் கைக்கு வந்தது, எந்தக் கடையில் செலவானது, அந்தக் கடை யாருடையது என்றெல்லாம் பார்த்தால்தான் அக்காலத் தொழிலாளியின் வாழ்க்கை முழுதாகத் தெரியும். கடைக்காரர்களின் நிலையும் கூடவே தெரியும். ஆகவே பஞ்சாலைத் தொழில் பிறந்து வளர்ந்த இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியையும் அதைச் சுற்றிய ஊர்களையும் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 1770 முதல் 1865 வரை நடந்ததை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அக்காலக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே படிப்பது எளிது.

மணிச் சத்தத்தில் வாழ்க்கை

ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் முதலில் முடிதிருத்தும் தொழிலும் டோப்பா வியாபாரமும் செய்தவர். 1769-இல் நூற்கும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் பெற்று, 1771-இல் டெர்பிஷயரில் கிராம்ஃபோர்டு என்ற சிற்றூரில் தண்ணீர் விசையால் ஓடும் ஆலையை நிறுவினார். ஊரில் ஆள் போதாது. ஆகவே வீடுகள் கட்டிக் குடும்பங்களை வெளியூரிலிருந்து வரவழைத்தார். இரவும் பகலுமாக ஆலை ஓடியது.

அதற்கு முன் நெசவும் நூற்பும் வீட்டில் நடந்தவை. நெசவாளி தன் தறியில் தன் விருப்பம் போல் உட்காருவான். திங்கட்கிழமை சோம்பியிருந்துவிட்டு வெள்ளிக்கிழமை விடிய விடிய நெய்து கணக்கை நேர் செய்வான். ஆலையில் அது நடக்காது. மணி அடித்ததும் கதவு மூடப்படும். பிந்தி வந்தவனுக்குக் கூலி வெட்டு. கடிகாரம் வைத்திருந்த வீடு அபூர்வம் என்பதால், விடியுமுன் நீண்ட கழியால் மாடிச் சன்னலைத் தட்டி எழுப்பிவிடுவதே ஒரு பிழைப்பாக வளர்ந்தது. அதற்கும் வாரத்துக்குச் சில பென்ஸ் கொடுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 13 மணி நேரம், 14 மணி நேரம் வேலை. நூல் அறாமலிருக்க உள்ளே வெப்பமும் ஈரமும் வேண்டும். அதனால் சன்னலைத் திறக்க விட மாட்டார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி இளைப்பு நோயாக மாறியது. விசைத்தறிக் கூடத்தில் காது கேட்காது. பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகினார்கள். மான்செஸ்டருக்கு அருகில் டில்டெஸ்லி என்ற ஊரின் ஆலையில் 1823-இல் இருந்த அபராதப் பட்டியல் பிரசித்தமானது. சன்னலைத் திறந்து வைத்தால் ஒரு ஷில்லிங், சீட்டியடித்தால் ஒரு ஷில்லிங் என்று அது நீளும். சின்னப் பையன் ஒருவனுக்கு வாரம் முழுக்கக் கிடைத்த கூலியே இரண்டு மூன்று ஷில்லிங்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுவர்களின் கதை தனி. அறுந்த நூலை முடிப்பவர்கள், ஓடும் இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து கழிவுப் பஞ்சைப் பொறுக்குபவர்கள் என்று அவர்களில் வகைகள் உண்டு. சாமுவேல் கிரெக் 1784-இல் தொடங்கிய குவாரி பேங்க் ஆலையில், அநாதை இல்லங்களிலிருந்தும் ஏழைகள் விடுதிகளிலிருந்தும் குழந்தைகளைப் பயிற்சியாளர் என்ற பெயரில் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்தார்கள். இவர்களுக்குச் சோறு, துணி, படுக்கை உண்டு. கூலி என்று கிடையாது. கூடுதல் நேரம் வேலை செய்தால் மட்டும் சில காசுகள். 1833-ஆம் ஆண்டுச் சட்டம்தான் 9 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பஞ்சாலையில் வைக்கக் கூடாது என்றும், 13 வயது ஆகும்வரை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் விதித்து, பார்வையிட நான்கு ஆய்வாளர்களையும் நியமித்தது. இதற்கு முன் 1802-இலும் 1819-இலும் சட்டங்கள் வந்தன. நேரில் போய்ப் பார்க்கத் தகுந்த ஆள் இல்லாததால் அவை ஏட்டோடு நின்றன.

சில்லறைத் தட்டுப்பாடும் ஆலைக் காசும்

இனி நம் துறைக்கு வருவோம். நூற்றுக்கணக்கான பேருக்கு வாரந்தோறும் கூலி கொடுக்கச் சில்லறை வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வெள்ளி நாணயமும் செப்புக் காசும் கிடைப்பதே பெரும்பாடு. அரசாங்க நாணயசாலை போதுமான அளவு அடித்துத் தரவில்லை. ஆலை முதலாளிகள் தாங்களாகவே ஒரு வழி கண்டார்கள். கிராம்ஃபோர்டு ஆலை, ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர்களின் மேல் ஊர்ப் பெயரையும் 4 ஷில்லிங் 9 பென்ஸ் என்ற மதிப்பையும் முத்திரையடித்து வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் லானார்க் ஆலையும் 5 ஷில்லிங் முத்திரையுடன் அவ்வாறே செய்தது. இன்றும் நாணயம் சேர்ப்போர் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

இதில் முதலில் சூது இருந்ததாகச் சொல்ல முடியாது. சில்லறைக்குப் பதில் மிட்டாயும் தீப்பெட்டியும் கொடுத்துப் பழகிய நமக்கு அந்தச் சங்கடம் புரியும். ஆனால் முதலாளி அடித்த காசை முதலாளியின் ஊரில்தான் மாற்ற முடியும். அந்த ஊரில் கடையும் முதலாளியுடையதாக இருந்துவிட்டால்?

அதுதான் பல ஊர்களில் நடந்தது. கூலியைக் காசாகக் கொடுக்காமல் சரக்காகக் கொடுப்பதும், சீட்டு எழுதிக் கொடுத்துத் தன் கடையில் வாங்கச் சொல்வதும் ‘ட்ரக்’ முறை என்று பெயர் பெற்றன. அந்தக் கடையைத் தொழிலாளிகள் ‘டாமி ஷாப்’ என்றார்கள். நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்புத் தொழிலிலும் இந்த முறை இன்னும் கடுமை. பஞ்சாலைகளில் ஊரை விட்டு ஒதுங்கிய ஆற்றோர ஆலைகளில் அதிகம் வழங்கியது.

இதன் நுட்பத்தைக் கணக்குத் தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கூலியை வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதை விட்டுப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று தள்ளிப் போட வேண்டும். நடுவில் அடுப்பு எரிய வேண்டுமே! தொழிலாளியின் மனைவி ஆலைக் கடைக்குப் போய்ப் பற்றில் வாங்குவாள். கணக்குத் தீர்க்கும் நாளில் பற்றைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். மீதி என்று ஒன்று இருப்பதே அபூர்வம். சரக்கு வெளிச்சந்தையை விட மட்டம், விலை அதிகம். ஆக, முதலாளிக்கு நூலிலும் லாபம், கொடுத்த கூலியிலும் லாபம். வெளியூர்க் கடைக்காரனுக்கோ அந்த ஊரில் கதவே கிடையாது. சில இடங்களில் சனிக்கிழமை இரவு கூலியைச் சாராயக் கடையில் வைத்துக் கொடுத்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் குடிக்காமல் வருகிறவன் எத்தனை பேர்?

இதற்கு மாறாகவும் ஒரு கடை இருந்தது. ராபர்ட் ஓவன் 1800-இல் நியூ லானார்க் ஆலையின் நிர்வாகத்தை ஏற்றபோது, அங்கிருந்த சில்லறைக் கடைகள் மட்டச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துக் கொழுத்துக்கொண்டிருந்தன. அவர் ஆலையின் பெயரால் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அடக்க விலைக்குச் சற்று மேலாக விற்றார். கடை லாபம் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளி 1816-இல் திறக்கப்பட்டது. நல்ல மனிதர் நடத்திய கடை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் கடை நல்லதாக இருந்ததற்குக் காரணம் முதலாளியின் குணமே தவிர, வாங்குபவனின் உரிமை இல்லை. ஓவனைப் போன்றவர் எத்தனை ஊரில் இருப்பார்?

1831-இல் பாராளுமன்றம் ட்ரக் சட்டத்தை இயற்றியது. சட்டம் குறித்த தொழில்களில் கூலி முழுவதையும் செல்லுபடியாகும் நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும்; அதை எங்கே, எப்படிச் செலவிடுவது என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது. சட்டம் தெளிவானது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவன் தொழிலாளி. விசாரிக்கும் மாஜிஸ்திரேட் முதலாளிகளின் நண்பர். 1887-இல் சட்டத்தைத் திருத்தி, ஆலை ஆய்வாளர்களிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகே அது நன்றாக வேலை செய்தது.

நம் பக்கத்துக் குறை

முதலாளியின் கடையை மட்டும் குறை சொல்லிவிட்டு நம் இனத்தைத் தப்பவிடுவது நியாயமாகாது. நகரத்து ஆலைகளைச் சுற்றி இருந்த தனியார் கடைகளும் தொழிலாளியைக் கட்டித்தான் வைத்திருந்தன. கட்டிய கயிறு கடன். பற்றுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறவன் அடுத்த கடைக்குப் போக முடியாது. சரக்கு மட்டம் என்று வாய் திறக்கவும் முடியாது. ஆகவே ரொட்டி மாவில் படிகாரம், தேயிலையில் வேறு இலை, பாலில் தண்ணீர் என்று எல்லாம் நடந்தது. பிரெடரிக் ஆக்கம் என்ற இரசாயன அறிஞர் 1820-இலேயே கலப்படத்தைப் பற்றி நூல் எழுதினார். 1850-களின் தொடக்கத்தில் டாக்டர் ஹாஸல் கடை கடையாகச் சரக்கை வாங்கி உருப்பெருக்கியில் சோதித்து, ‘லான்செட்’ மருத்துவ இதழில் கடைக்காரர் பெயர், முகவரியோடு வெளியிட்டார். முதல் கலப்படத் தடைச் சட்டம் 1860-இல் வந்தது. பல்லுள்ள சட்டம் 1875-இல்தான்.

இன்னொரு சரக்கையும் சொல்ல வேண்டும். தாய் ஆலைக்குப் போய்விட்டால் கைக்குழந்தையை ஒரு கிழவி பார்த்துக்கொள்வாள். அழாமல் தூங்க ‘காட்ஃப்ரீஸ் கார்டியல்’ என்ற சர்க்கரைப்பாகு மருந்தைப் புகட்டுவார்கள். அதில் அபின் கலந்திருக்கும். மருந்துக் கடையில் மட்டுமில்லாமல் மளிகைக் கடையிலும் பென்னிக் கணக்கில் இது விற்றது. தூங்கின குழந்தைகளில் சில எழுந்திருக்கவில்லை. 1868-இல் மருந்து விற்பனைச் சட்டம் வரும்வரை கேள்வி கேட்பார் இல்லை. விற்றவர்கள் எல்லாரும் கொடியவர்கள் இல்லை; கேட்டார்கள், கொடுத்தோம் என்றிருந்திருப்பார்கள். நம் கல்லாவில் உட்கார்ந்து இதை எண்ணிப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது.

தவளைச் சந்தில் ஒரு கடை

மான்செஸ்டருக்கு வடக்கே ராக்டேல் என்ற ஊர். அங்கே கம்பளித் துணி நெய்பவர்கள் அதிகம். விசைத்தறி வந்த பிறகு கைத்தறி நெசவாளியின் வருமானம் சரிந்துகொண்டே போனது. கூலி உயர்வு கேட்டுத் தோற்ற பின், அங்கே சில நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளும் கூடிப் பேசினார்கள். கூலியைக் கூட்ட முடியவில்லை. அதே கூலிக்கு நல்ல சரக்காவது வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

28 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் எண். வாரம் 2 பென்ஸ், 3 பென்ஸ் என்று சேர்த்து 28 பவுண்டு முதல் திரட்டினார்கள். டோடு லேன் என்ற சந்தில் (டோடு என்றால் தேரை, நாம் தவளைச் சந்து என்று வைத்துக்கொள்ளலாம்) 31-ஆம் எண் கட்டடத்தின் தரைத் தளத்தை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குப் பிடித்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவற்றில் ஏறத்தாழ 16 பவுண்டுக்குச் சரக்கு. 1844 டிசம்பர் 21-ஆம் தேதி மாலை கடை திறந்தது. தெருப் பையன்கள் கேலி செய்தார்கள். அவர்கள் சரக்கு முழுவதையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிவிடலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னதாகச் சொல்வார்கள். சரக்கின் அளவைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

அவர்கள் வைத்த விதிகளைத்தான் நாம் படிக்க வேண்டும். கடன் இல்லை, ரொக்கம் மட்டும். ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று நாமும் அட்டை மாட்டுகிறோம். ஆனால் தெரிந்த முகம் வந்தால் பேரேட்டைப் புரட்டுகிறோம். அவர்கள் மாறவில்லை. எடை சரியாக, சரக்கு சுத்தமாக. விலை ஊர் விலையே. குறைத்து விற்றுப் போட்டி போடவில்லை. முதலுக்கு 5 சதவீத வட்டி. அதற்கு மேல் வந்த லாபத்தை, யார் எவ்வளவு பங்கு போட்டார் என்று பாராமல், யார் எவ்வளவுக்குச் சரக்கு வாங்கினார் என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒருவர் காலாண்டில் 5 பவுண்டுக்கு வாங்கியிருந்து, பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் பங்கு என்று முடிவானால் அவருக்கு 5 ஷில்லிங். எடுத்துக்கொள்ளலாம், கடையிலேயே முதலாக விட்டும் வைக்கலாம். எவ்வளவு முதல் போட்டாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு, பெண்களுக்கும் அப்படியே.

வாரக் கூலி வாங்கும் குடும்பம் சேமிக்கச் சொன்னால் சேமிக்காது. இங்கே மாவும் சர்க்கரையும் வாங்க வாங்கச் சேமிப்பு தானாக ஏறியது. கடனில் மூழ்கியிருந்த குடும்பம், கடைக்கே கடன் கொடுத்த குடும்பமாக மாறியது. வியாபாரத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

1845 முடிவில் உறுப்பினர் 74 பேர். ஆண்டு விற்பனை 710 பவுண்டு. 1860-இல் உறுப்பினர் 3,450 பேர். விற்பனை ஏறத்தாழ 1,52,000 பவுண்டு. இதைப் பார்த்து ஊருக்கு ஊர் கடைகள் தோன்றின. 1863-இல் அந்தக் கடைகள் எல்லாம் சேர்ந்து மான்செஸ்டரில் தங்களுக்கென்று மொத்த விற்பனைச் சங்கம் ஒன்றை அமைத்தன. மொத்த வியாபாரிகளாகிய நாம் இந்த வரியை இருமுறை படிக்கலாம். சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ராக்டேல்தான் முன்மாதிரி.

பஞ்சு வராத நாட்கள்

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்தது. வடவர் துறைமுகங்களை அடைத்தார்கள். ஆலைகள் முதலில் அரை நேரம், பிறகு முழு அடைப்பு. 1862 இறுதியில் அந்தப் பகுதியில் உதவி பெற்று உயிர் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். தலைக்கு வாரம் 2 ஷில்லிங் அளவுதான் உதவி.

தட்டுமுட்டுச் சாமான் அடகுக் கடைக்குப் போயிற்று. பிறகு போர்வை போயிற்று. ஆலைத் தெருக் கடைக்காரர்கள் இயன்றவரை பற்று எழுதினார்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை. மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய தவணையோ நிற்கவில்லை. பல சிறு கடைகள் மூடின. நேற்றுவரை கல்லாவில் இருந்தவர் உதவிக் குழுவின் வாசலில் வரிசையில் நின்றார். ஆலையின் உருளை நின்றால் கடையின் தராசு எத்தனை நாள் ஆடும் என்பதை அந்த மூன்று ஆண்டுகள் காட்டின.

நம் நாட்டுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கப் பஞ்சு நின்றதும் ‘சூரத்’ என்ற பெயரில் இந்தியப் பஞ்சு போயிற்று. பம்பாயில் பணம் கொட்டியது. ஆனால் அந்தப் பஞ்சு குட்டை இழை. மேலும் எடை கூட்டுவதற்காக மண்ணும் கொட்டையும் கலந்த பொதிகள் பல. கூலி, நெய்த அளவுக்குத்தான். நூல் அறுந்துகொண்டே இருந்தால் நெசவுக்காரி நாள் முழுக்க முடிச்சுப் போட்டே பாதிக் கூலியோடு வீடு திரும்புவாள். இங்கே ஒரு தரகர் பொதியில் சேர்த்த மண், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு பெண்ணின் கூலியில் கழிந்தது. பம்பாய் அரசாங்கம் 1863-இல் பருத்தி மோசடிக்கென்றே சட்டம் கொண்டுவர நேர்ந்தது. 1865-இல் போர் முடிந்ததும் பம்பாயில் விலை சரிந்து, கொழுத்தவர்கள் பலர் திவாலானதும் தெரிந்த செய்திதான்.

அந்தப் பஞ்ச காலத்தில் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஆலை நகரில் நடந்த ஒன்று நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. 1863 மார்ச்சில் உதவிக் குழுவினர் வாராந்திர உதவியைக் குறைத்தார்கள். அதோடு, இனிப் பணமாகத் தராமல் குறிப்பிட்ட கடைகளில் மளிகை வாங்கச் சீட்டாகத் தருவோம் என்றார்கள். பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்ற எண்ணம். பட்டினி கிடந்தவர்கள் சீட்டை வாங்க மறுத்தார்கள். மார்ச் 20-ஆம் தேதி கலகம் மூண்டது. கல்லெறி, சன்னல் உடைப்பு, கடைகள் கொள்ளை. குதிரைப்படை வந்து அடக்கியது.

சோறில்லாதவனுக்குச் சோற்றுச் சீட்டு ஏன் கசந்தது என்று அன்று பலர் வியந்தார்கள். சீட்டைக் கொண்டு வாடகை கொடுக்க முடியாது. குழந்தைக்குச் செருப்பு வாங்க முடியாது. இரண்டு கடை விலை கேட்டு மூன்றாவது கடையில் வாங்கும் சுதந்திரமும் அதில் இல்லை. அவர்களின் தாத்தாக்களுக்கு டாமி ஷாப் நினைவில் இருந்தது. சீட்டுக்குச் சரக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட கடைக்காரர்களின் சன்னலும் அன்று தப்பவில்லை.

நம் ஊரில்

சென்னை பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் 1870-களிலும் 1880-களிலும் எழுந்தன. அங்கே நீண்ட வேலை நேரம், போதாத உணவு இடைவேளை, மேஸ்திரிகளின் அடி, வசவு ஆகியவற்றைப் பற்றித் தொழிலாளிகள் மனம் விட்டுச் சொன்னது அந்தப் பகுதி வணிகர்கள் இருவரிடம். செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு என்பது அவர்கள் பெயர். இருவரும் ஒரு பக்தி சபையை நடத்திவந்தார்கள். அதன் கூட்டங்களுக்கு ஆலைத் தொழிலாளிகள் வருவார்கள். இவர்கள் முயற்சியால், பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க.வும் துணை நிற்க, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறைப்படியான தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். அதை விதைத்தவர்கள் வணிகர்கள் என்பதை நம் சங்கக் கூட்டங்களில் யாரும் எடுத்துச் சொல்லி நாம் கேட்டதில்லை.

கூலி காசாகவோ நோட்டாகவோ கொடுக்கப்பட வேண்டும் என்ற விதி இந்தியாவுக்கு 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் மூலம் வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், மற்ற ஆலைகளில் 10-ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றது அது. ஆலைப் பகுதிக் கடைகளுக்குச் சரக்குப் போட்ட நம் போன்றவர்களின் வசூல் நோட்டில் 8-ஆம் தேதிக்கு முன் அந்தத் தெருக்களின் பெயர் இராது. 11-ஆம் தேதிக்குப் பிறகு போனாலும் கல்லாவில் பணம் இராது.